படுக்க ஓர் இடம், மாத்திரை வைக்க ஓர் இடம்: நடைபாதையில் வசித்த ஒரு பெண்ணின் எச்.ஐ.வி. சிகிச்சை குறித்த நிகழ்வு ஆய்வு

இது வடசென்னையில் 2016 முதல் 2025 வரை நடந்தது. சம்பந்தப்பட்ட பெண்ணை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் விடப்பட்டிருக்கின்றன, சில மாற்றப்பட்டிருக்கின்றன. எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையங்களில் ஆலோசகர்களாகவும் களப்பணியாளர்களாகவும் இருப்பவர்களுக்கும், வீடற்றோர் காப்பகங்களை நடத்துபவர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதப்படுகிறது.

பின்னணி

2016இல் கணவர் எய்ட்ஸ் நிலையில் இறந்தார். அதையொட்டி, எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் நடக்கும் நம்பிக்கை மையத்தில் பரிசோதித்தபோது இவருக்கும் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. அப்போது வயது 32. ஒரே மகளுக்குத் தொற்று இல்லை. உடலின் எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சி.டி.4 அணுக்களின் எண்ணிக்கை 540. அந்தக் காலத்தில் சி.டி.4 குறைந்த பிறகுதான் மருந்து என்ற விதி இருந்ததால் கூட்டு மருந்து தொடங்கவில்லை. தொற்று உள்ள எல்லோருக்கும் உடனே மருந்து என்று 2017இல் விதி மாறியதும், டெனோஃபோவிர், லாமிவுடின், எஃபாவிரென்ஸ் மூன்றும் சேர்ந்த ஒற்றை மாத்திரை கொடுக்கப்பட்டது. தினமும் இரவு படுக்கும் முன் ஒன்று. முதல் ஒரு வருடம் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கிறார். மையத்தின் பதிவுகளில் ஒரு மாதம்கூட விடுபடவில்லை.

2018இல் மாமியார் வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டார். மகளைத் தன் தாயிடம் விட்டுவிட்டு, மாதம் 2,500 ரூபாய் வாடகையில் ஓர் அறை எடுத்தார். அட்வான்ஸ் 15,000. கணவர் வீட்டு உறவினர் ஒருவர் மூலம் வீட்டுக்காரருக்கு விஷயம் போய்ச் சேர, 2019இல் அதையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வெள்ளை அடிக்க, கரண்ட் பில் என்று கழித்து அட்வான்ஸில் கைக்கு வந்தது 6,000 ரூபாய். அக்கா வீட்டில் சில மாதங்கள். அங்கும் தகராறு வந்ததும் 2019 இறுதியிலிருந்து மார்க்கெட்டை ஒட்டிய நடைபாதை.

இப்படிப்பட்ட வெளியேற்றங்களைத் தடுக்கச் சட்டம் உண்டு. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு, கட்டுப்பாடு) சட்டம், 2017, நடைமுறைக்கு வந்தது 2018 செப்டம்பர் 10 அன்று. தொற்றைக் காரணம் காட்டி வாடகைக்கு விட மறுப்பதையும் குடியிருப்பவரை வெளியேற்றுவதையும் அதன் 3ஆம் பிரிவு தடை செய்கிறது. குடும்பமாக வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து தங்கும் உரிமையை 29ஆம் பிரிவு தருகிறது. மாமியார் வீட்டிலிருந்து அனுப்பப்பட்டது சட்டம் வருவதற்குச் சற்று முன்னால். வாடகை அறையைக் காலி செய்யச் சொன்னது வந்த பிறகு. சட்டம் இருப்பது அவருக்கும் தெரியாது, வீட்டுக்காரருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் வழக்குப் போட்டால் தெரு முழுக்கத் தெரிந்துவிடும் என்ற பயத்தில் பேசாமல் காலி செய்திருப்பார் என்றே தோன்றுகிறது.

மருந்து நின்ற விதம்

இவர் திடீரென ஒருநாள் மருந்தை நிறுத்திவிடவில்லை. பின்னாளில் ஆலோசகர் நிதானமாகக் கேட்டபோதுதான் படிப்படியாக என்ன நடந்தது என்பது வெளிவந்தது.

முதலில் இரவு மாத்திரை போனது. எஃபாவிரென்ஸ் பலருக்குத் தலைசுற்றலும் கனமான தூக்கமும் தரும். அதனால்தான் படுக்கும்போது சாப்பிடச் சொல்வார்கள். கதவைத் தாழ் போட்டுப் படுப்பவருக்கு அது நல்ல யோசனை. நடைபாதையில் படுக்கும் பெண்ணுக்கு ஆபத்து. அவர் சொன்னது இது: "அந்த மாத்திரைய போட்டா கிறுகிறுன்னு வருது மேடம். யாரு பக்கத்துல வந்து படுத்தாகூடத் தெரியாது." பக்கத்தில் தெரிந்த பெண்கள் இருந்த இரவுகளில் சாப்பிட்டார், இல்லாத இரவுகளில் விட்டார்.

அடுத்தது டப்பா. 30 மாத்திரை கொண்ட பிளாஸ்டிக் டப்பா நடந்தால் கலகலவென்று சத்தம் போடும். "என்ன மாத்திரை?" என்ற கேள்வியைத் தவிர்க்க மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துச் சேலை முடிச்சில் வைத்துக்கொண்டார். மழையிலும் வியர்வையிலும் அவை ஊறிப் பொடிந்தன. ஒருமுறை பையோடு திருட்டுப் போனது, அதில் ஏ.ஆர்.டி. புத்தகமும் ஆதார் அட்டையும் வங்கிப் புத்தகமும் இருந்தன. புத்தகம் இல்லாமல் போனால் திட்டுவார்கள் என்று நினைத்து அந்த மாதம் மையத்துக்குப் போகவில்லை. 2020 ஊரடங்கில் வேலையும் போக்குவரத்தும் நின்றன. அதற்குப் பிறகு மையத்தின் பக்கமே அவர் வரவில்லை. பதிவேட்டில் இருந்த முகவரி காலி செய்த வாடகை அறை. செல்போன் எண் அக்காவுடையது. தேடிப் போன களப்பணியாளர் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினார்.

இப்படி விட்டுவிட்டுச் சாப்பிடுவதில் மருத்துவரீதியாக இன்னொரு சிக்கல் உண்டு. மூன்று மருந்தையும் ஒரே நாளில் நிறுத்தினாலும் மற்ற இரண்டும் சில நாள்களில் உடலைவிட்டுப் போய்விடும். எஃபாவிரென்ஸ் மட்டும் ஒன்றிரண்டு வாரம் வரை தங்கும். அந்த இடைவெளியில் வைரஸ் தனியொரு மருந்தை எதிர்கொண்டு, அதற்கு எதிர்ப்பை வளர்த்துக்கொள்கிறது. பத்து நாள் சாப்பிட்டு, ஐந்து நாள் விட்டு, மறுபடி தொடங்கும் பழக்கம் இதற்கு வழி திறந்துவிடும்.

2022 நவம்பர்: கண்டறிந்தவை

மார்க்கெட் பகுதிக்கு வந்த நடமாடும் எக்ஸ்ரே வாகனத்தில், கூட வேலை செய்யும் பெண்கள் வற்புறுத்தியதால் படம் எடுத்துக்கொண்டார். மூன்று மாதமாக இருமல். வலது மேல் நுரையீரலில் நிழல். சளியில் காசநோய்க் கிருமி. காசநோயின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அந்தக் கிருமியிடம் எதிர்ப்பு இல்லை. எடை 37 கிலோ, உயரம் 152 செ.மீ., உடல் நிறை குறியீட்டெண் 16, கால்களில் வீக்கம். குறியீட்டெண் 16 அல்லது அதற்குக் கீழ் இருந்து கால் வீக்கமும் இருந்தால், தமிழ்நாட்டின் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தின்படி உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டும். சேர்த்தார்கள்.

எச்.ஐ.வி. இருப்பதை முதல் இரண்டு நாள் அவர் சொல்லவில்லை. காசநோயாளிகள் எல்லோருக்கும் செய்யும் பரிசோதனையில் தெரியவந்ததும், "முன்னாடியே தெரியும்" என்றார். சி.டி.4 எண்ணிக்கை 86. மூளையைத் தாக்கக்கூடிய ஒரு பூஞ்சைத் தொற்றின் அடையாளமான கிரிப்டோகாக்கல் ஆன்டிஜென் ரத்தத்தில் இல்லை. ஹீமோகுளோபின் 8.1. பாலுறவால் பரவும் சிஃபிலிஸ் நோய்க்கான பரிசோதனை பாசிட்டிவ்.

சிஃபிலிஸ் முடிவு தெரிந்த பிறகுதான் அந்தக் கேள்வி கேட்கப்பட்டது. இரவில் கூட இருப்பவர் யார்? மீன்பாடி வண்டி எனும் மூன்று சக்கரச் சரக்கு வண்டி ஓட்டும் ஒருவர், ஒன்றரை வருடமாக. வண்டியை இவர் படுக்கும் இடத்துக்குக் குறுக்கே நிறுத்துவார், மற்றவர்கள் நெருங்க மாட்டார்கள். அதற்கு ஈடாக உறவு. ஆணுறை இல்லை. அதற்கு முன்பு வேறு இருவருடன் இதே ஏற்பாடு. இதை அவர் பாலியல் தொழிலாகக் கருதவில்லை, காதலாகவும் கருதவில்லை. படுக்கும் இடத்துக்கான வாடகை என்பதுபோலப் பேசினார். "ஆணுறை போடச் சொன்னா ஏன்னு கேப்பான். சொன்னா வண்டிய எடுத்துட்டுப் போயிருவான். அன்னிக்கு ராத்திரி நான் என்ன பண்றது?"

வீடின்மை தொற்று அபாயத்தைக் கூட்டுகிறது என்று பொதுவாகச் சொல்லப்படுவதற்கு இதுதான் செயல்முறை. ஆணுறையைப் பற்றிய அறிவு அவரிடம் குறைவில்லை. அதை வலியுறுத்தும் பேரம் பேச அவரிடம் எதுவும் இல்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

காசநோய் மருந்து முதலில். 35 முதல் 49 கிலோ வரையிலான எடைக்கு நான்கு மருந்து கலந்த மாத்திரை தினம் மூன்று, இரண்டு மாதம். பிறகு மூன்று மருந்து கலந்தது தினம் மூன்று, நான்கு மாதம். மூளைக் காசநோய்க்கான அறிகுறி இல்லை என்பதால், இரண்டு வாரத்துக்குள் எச்.ஐ.வி. மருந்தையும் தொடங்க முடிவானது.

பழைய எஃபாவிரென்ஸ் மாத்திரை மீண்டும் வேண்டாம் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அதற்குள் தேசியத் திட்டத்திலேயே, எஃபாவிரென்ஸுக்குப் பதிலாக டோலுடெக்ராவிர் சேர்ந்த கூட்டு மாத்திரை வந்திருந்தது. இதற்கு எதிராக வைரஸ் எதிர்ப்பை வளர்ப்பது கடினம். நாள் விட்டுப்போனாலும் தாங்கும். எஃபாவிரென்ஸ் அளவுக்குத் தலைசுற்றல் இல்லை. காலையில் சாப்பிடலாம். நடைபாதைவாசிக்கு இந்தக் கடைசி வசதிதான் பெரியது.

ஆனால் ரிஃபாம்பிசின், டோலுடெக்ராவிரின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். எனவே காலை 8 மணிக்குக் கூட்டு மாத்திரை, இரவு 8 மணிக்கு டோலுடெக்ராவிர் 50 மி.கி. மட்டும் தனியாக. ரிஃபாம்பிசின் முடிந்தபின் மேலும் இரண்டு வாரம் இந்த இரவு மாத்திரை தொடர வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை இதனுடன் வெறும் வயிற்றில் சேர்த்துச் சாப்பிட்டால் டோலுடெக்ராவிர் உடலில் முழுமையாகச் சேராது. முன்னால் சாப்பிட்ட டோலுடெக்ராவிருக்கு 2 மணி நேரம் கழித்து, அடுத்ததற்கு 6 மணி நேரம் முன்பு என்று கணக்குப் பார்த்தால் காலை 10 மணியிலிருந்து பகல் 2 மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். மதியச் சாப்பாட்டோடு இரும்புச்சத்து என்று முடிவானது. இவற்றோடு மற்றத் தொற்றுகளைத் தடுக்கக் கோட்ரைமாக்சசோல் ஒன்று, காசநோய் மருந்தால் நரம்பு பாதிக்காமலிருக்கப் பிரிடாக்சின் ஒன்று. ஆக ஒரு நாளைக்கு 8 மாத்திரை, மூன்று வேளை. சிஃபிலிஸுக்குப் பென்சாத்தின் பெனிசிலின் 24 லட்சம் யூனிட், வாரம் ஒரு ஊசி வீதம் மூன்று.

தண்ணீர் பற்றியும் கேட்டார்கள். கட்டணக் கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று பகல் முழுக்க இரண்டு டம்ளருக்கு மேல் அவர் குடிப்பதில்லை. டெனோஃபோவிர் சாப்பிடுபவருக்கு இது சிறுநீரகப் பிரச்சினை. கிரியாட்டினின் அளவு சரியாகவே இருந்தது. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பதாகக் குறித்துக்கொண்டார்கள்.

இத்தனையும் மருந்துச் சீட்டில் எழுதிவிடலாம். எங்கே வைத்துச் சாப்பிடுவது? பதினாறாவது நாள், ஒரு வெள்ளிக்கிழமை, டிஸ்சார்ஜ் என்று எழுதப்பட்டது. வெள்ளி மாலை அனுப்பினால் சனி, ஞாயிறு காப்பகத்தில் சேர்க்கை நடக்காது. நேரே மீன்பாடி வண்டிக்குத்தான் திரும்புவார். வார்டு மருத்துவரிடம் பேசித் திங்கள்வரை தள்ளிவைத்தார் ஆலோசகர். இந்த வழக்கில் செய்யப்பட்ட மிக மலிவான, மிகப் பயனுள்ள காரியம் இதுவாக இருக்கலாம்.

காப்பகம்

ஒரு லட்சம் மக்கள்தொகைக்குக் குறைந்தது 100 பேர் தங்கக் காப்பக இடம், ஆளுக்குக் குறைந்தது 50 சதுர அடி என்பது அப்போது நடைமுறையில் இருந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் விதிமுறை. சென்னையில் மாநகராட்சி, தொண்டு நிறுவனங்கள் மூலம் இவற்றை நடத்துகிறது. பெண்களுக்குத் தனியாக உண்டு. மூன்று தடைகள் வந்தன.

முதல் தடை காசநோய். சரியான மருந்தைத் தொடர்ந்து இரண்டு வாரம் சாப்பிட்டால், எதிர்ப்பற்ற காசநோய் பெரும்பாலும் பரவாத நிலைக்கு வந்துவிடும். அதைச் சொல்லும் மருத்துவச் சான்று கொடுத்ததும், ஜன்னலோரப் படுக்கையோடு சேர்த்துக்கொண்டார்கள்.

இரண்டாவது, கதவு பூட்டும் நேரம். இவர் மெஸ் ஒன்றில் மாலை 4 முதல் இரவு 11 வரை பாத்திரம் தேய்ப்பவர். காப்பகக் கதவு இரவு 9:30க்கு மூடும். வேலையை விட்டால் வாடகைக்குச் சேர்க்கும் வழி அடைபடும். மெஸ் நடத்துபவரிடமிருந்து வேலை நேரத்தை மட்டும் குறிப்பிடும் ஒரு கடிதம் வாங்கியதில் 11:30 வரை சலுகை கிடைத்தது.

மூன்றாவது, என்ன சொல்லிச் சேர்ப்பது என்பது. எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் எச்.ஐ.வி. நிலையை வெளியிடக் கூடாது. காப்பகத்துக்கு அது தெரியவும் தேவையில்லை. எனவே காசநோய் மட்டும் சொல்லப்பட்டது. எட்டு மாத்திரைக்கும் அது ஒரு போர்வையாக அமைந்தது: "டி.பி. மாத்திரை" என்றதும் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. காப்பகப் பொறுப்பாளரே நேரம் பார்த்து நினைவூட்டினார். எச்.ஐ.வி. மருந்து தொடங்கிய மூன்றாவது வாரம் காய்ச்சலும் கழுத்தில் நெறிகட்டும் வந்தன. எதிர்ப்புச் சக்தி மீண்டு எழும்போது வரக்கூடிய எதிர்வினை அது, மருந்தை நிறுத்தக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் பதற்றம் இல்லாமல் கடந்தது.

காசநோயாளிகளுக்கு அப்போது மாதம் 500 ரூபாய் ஊட்டச்சத்து உதவி. அது வங்கிக் கணக்குக்குத்தான் வரும். காப்பகத் தலைவரின் முகவரிச் சான்றை வைத்து ஆதாரைப் புதுப்பித்து, பிறகு கணக்கை உயிர்ப்பித்ததில் முதல் தொகை நான்காவது மாதம்தான் வந்தது. எடை மிகக் குறைவாக இருந்த முதல் இரண்டு மாதத்துக்கு அதனால் பயன் இல்லை.

வண்டிக்காரர்

துணைவருக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்ற அழுத்தம் கொடுக்கப்படவில்லை. படுக்க வேறு இடம் கிடைக்கும்வரை அந்தப் பேச்சே வேண்டாம் என்று ஆலோசகர் ஒத்திவைத்தார். காசநோய்த் தொடர்பில் இருந்தவர் என்ற முறையில் அவரை அழைக்க வழி இருந்தது. படிவத்தில் "வீட்டில் உடன் வசிப்பவர்" என்றுதான் கட்டம். நடைபாதையில் ஓரடி தள்ளிப் படுப்பவருக்குக் கட்டமே இல்லை. வீட்டு உறுப்பினர் என்றே எழுதப்பட்டது. எக்ஸ்ரே சரி, தடுப்பு மருந்தாக வாரம் ஒருமுறை வீதம் 12 வாரம் கொடுக்கப்பட்டது. அதே வருகையில் அவர் ஒப்புதலுடன் எடுத்த எச்.ஐ.வி. பரிசோதனை நெகட்டிவ். சிஃபிலிஸுக்கு ஊசி போடப்பட்டது.

காப்பகத்தில் இரண்டு மாதம் தங்கிய பின், 2023 பிப்ரவரியில், அந்தப் பெண்ணே தன் நிலையை அவரிடம் சொல்ல விரும்பினார். ஆலோசகர் முன்னிலையில் சொன்னார். வண்டிக்காரர் எழுந்து போய்விட்டு, பத்து நாள் கழித்துத் திரும்ப வந்தார். அப்போது ஆணுறையும், ரத்தத்திலுள்ள வைரஸின் அளவு (வைரல் லோடு) கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு மூலம் தொற்று பரவாது என்ற விளக்கமும் கொடுக்கப்பட்டன. மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை, நெகட்டிவ். நடைபாதையில் படுத்திருந்தபோதே இந்தப் பேச்சை எடுத்திருந்தால் அந்தப் பத்து நாளும் அவர் துணையின்றித் தெருவில் கழித்திருப்பார்.

போர்வை விலகியது

2023 மே இறுதியில் காசநோய் சிகிச்சை முடிந்தது. எடை 45 கிலோ. ஜூனில் வைரல் லோடு 150க்குக் கீழ். மையம் மூன்று மாத மருந்தை மொத்தமாகக் கொடுத்தது. சீராக இருப்பவர்களுக்கு அதுவே வழக்கம்.

அங்கேதான் சறுக்கியது. டி.பி. முடிந்துவிட்டது என்று காப்பகத்தில் எல்லோருக்கும் தெரியும். பிறகு ஏன் மாத்திரை? அதுவும் மூன்று டப்பா? பக்கத்துப் படுக்கைக்காரர் ஒருவர் கேட்ட மறுநாள் டப்பாக்களை எடுத்துக்கொண்டு போய் மெஸ்ஸில் ஒளித்து வைத்தார். மெஸ்ஸுக்குப் போவது மாலையில், மாத்திரை காலையில். ஆகஸ்டில் காப்பகத்தை விட்டே வெளியேறி மறுபடி வண்டிக்குப் பக்கத்தில் படுக்கத் தொடங்கினார். டிசம்பரில் வைரல் லோடு 4,600.

1,000க்கு மேல் இருந்தால் கூடுதல் ஆலோசனை கொடுத்து மூன்று மாதத்தில் மறுபரிசோதனை என்பது விதி. மருந்தை மாற்றவில்லை, டோலுடெக்ராவிரில் இப்படி ஏறுவதற்குப் பெரும்பாலும் விடுபட்ட மாத்திரைதான் காரணம். ஆலோசனையில் இந்த முறை "ஏன் சாப்பிடவில்லை" என்ற கேள்வி தவிர்க்கப்பட்டது. நாள் முழுக்க அவர் எங்கெங்கே இருக்கிறார் என்று மணிவாரியாக எழுதச் சொன்னார்கள். அதிலிருந்து ஏற்பாடு மாறியது. மாத்திரை நேரம் மாலை 4 மணி, மெஸ்ஸுக்குள் நுழைந்ததும், தேநீருடன். மருந்து இருப்பு களப்பணியாளர் அலுவலகத்தின் பூட்டிய அலமாரியில். வாரம் ஒருமுறை ஏழு மாத்திரை மட்டும், டப்பாவிலிருக்கும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தோடு, மூடி இறுக்கமான பவுடர் டப்பாவில். பையில் இருந்தாலும் யாரும் திறக்க மாட்டார்கள். திருட்டுப் போனாலும் ஒரு வார மருந்துதான் போகும்.

2024 மார்ச்சில் வைரஸ் கண்டறியப்படவில்லை.

பிறகு

2024 ஜூலையில், காப்பகத்தில் பழகிய இன்னொரு பெண்ணுடன் சேர்ந்து 4,000 ரூபாய் வாடகைக்கு ஓர் அறை பிடித்தார். அட்வான்ஸ் 20,000, பாதி இவர் பங்கு. அதில் 6,000 சேமிப்பு, மீதி மெஸ்ஸில் வாங்கிய முன்பணம். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறது, இந்த முறை. சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகப் பேசலாம் என்பதும் தெரியும். 2025 தொடக்கத்தில் சி.டி.4 எண்ணிக்கை 318, வைரஸ் கண்டறியப்படவில்லை. வண்டிக்காரர் வாரத்தில் சில நாள் வருகிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் பரிசோதனை இதுவரை நெகட்டிவ்.

தீராதவையும் உண்டு. மகளை அழைத்துவந்து வைத்துக்கொள்ள அந்த அறை போதாது. முன்பணத்துக்காக மெஸ் வேலையிலிருந்து நகர முடியாமல் இருக்கிறார்.

நடைமுறையில் மாற்றியவை, மாற வேண்டியவை

அந்த மையத்தில் இப்போது ஒவ்வொரு வருகையிலும் முகவரிக்குப் பதிலாக மூன்று கேள்விகள்: நேற்று இரவு எங்கே படுத்தீர்கள், மருந்து இப்போது எங்கே இருக்கிறது, உங்களைத் தேட வேண்டுமானால் யாரிடம் கேட்பது. முதல் கேள்விக்கு ஒரு மாதத்தில் இரண்டு வேறு பதில் வந்தால், வைரல் லோடு எப்படி இருந்தாலும் அவர் சீராக இருப்பவர் பட்டியலிலிருந்து எடுக்கப்படுகிறார். மூன்று மாத மருந்து கையில் கொடுக்கப்படுவதில்லை, அலமாரியில் வைக்கப்படுகிறது.

காசநோய் சிகிச்சை முடியும் மாதத்துக்கு முந்தைய மாதமே, "இனி மாத்திரைக்கு என்ன காரணம் சொல்வீர்கள்?" என்று பேசப்படுகிறது. ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை என்று எதையாவது அவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். பொய் சொல்லக் கற்றுத்தரலாமா என்று பயிற்சிகளில் சிலர் கேட்பதுண்டு. தன் உடல்நிலையைச் சொல்லாமலிருக்கும் உரிமையைச் சட்டமே அவருக்குத் தந்திருக்கிறது. புத்தகம் தொலைந்தால் திட்டாமல் மாற்றுப் புத்தகம் அன்றே தரப்படுகிறது. வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ், வீடற்றவர்களுக்கு இல்லை.

மையத்தால் முடியாதது அட்வான்ஸ். அமெரிக்காவில் எச்.ஐ.வி. உள்ளவர்களின் வீட்டு வசதிக்கென்று 1990இலேயே தனிச் சட்டம் வந்தது. வாடகை உதவி அதன் வழியே கிடைக்கிறது. இங்கே 2017 சட்டம் வெளியேற்றாதே என்கிறது. வெளியேறியவர் மறுபடி உள்ளே போக ஆகும் பணத்தைப் பற்றி அதில் எதுவும் இல்லை. இந்தப் பெண்ணுக்குத் தேவைப்பட்டது 10,000 ரூபாய். அதைச் சேர்க்க 2019 இறுதியிலிருந்து 2024 ஜூலைவரை ஆனது. அதற்குள் ஒரு காசநோய், ஒரு சிஃபிலிஸ், 19 நாள் மருத்துவமனைப் படுக்கை, ஒருமுறை ஏறி இறங்கிய வைரல் லோடு.